இங்கிலாந்தின் சிற்றூர் பப்புகள் மூடப்படுவது ஏன்: குடிப்பவர்கள் குறைந்ததாலா, கட்டடம் கைமாறியதாலா?

பதிவு 1: டெர்பிஷயர்வாசி

அனைவருக்கும் வணக்கம். பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதியின் ஓரத்தில் உள்ள ஒரு சிற்றூரில் 19 ஆண்டுகளாக வசித்து வருகிறேன். எங்கள் ஊருக்கென்று இருந்த ஒரே பப் சென்ற மாதம் மூடப்பட்டது. கடைசி இரவில் நானும் போயிருந்தேன். ஒவ்வொரு பீப்பாயும் தீரும்போது, கைப்பம்பை இழுத்தால் பீருக்குப் பதிலாக நுரையும் காற்றும் சீறிக்கொண்டு வரும். உடனே பப்பை நடத்திவந்த அம்மையார் அந்தப் பம்பின் பிடியில் மாட்டியிருந்த பீர்ச் சின்னத்தைக் கழற்றிப் பின்பக்கம் தெரியும்படி திருப்பி மாட்டுவார். அந்த பீர் தீர்ந்துவிட்டது என்பதற்கு இந்த நாட்டு பப்புகளில் அதுதான் அடையாளம். இரவு பத்து மணிக்குள் ஐந்து சின்னங்களும் முதுகைக் காட்டி நின்றன.

நான் அதிகம் குடிப்பவன் அல்லன். வாரத்துக்கு ஒரு நாள், அரை பைண்ட் அல்லது ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்), அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் நட்பு அந்தக் கணப்படுப்பின் அருகில்தான் கிடைத்தது. அஞ்சல் நிலையம் மூடப்பட்ட பிறகு, வாரம் ஒரு காலை அந்த பப்பின் மூலையில் ஒரு மேசை போட்டு அஞ்சல் பணி நடந்தது. முதியவர்கள் ஓய்வூதியத்தை அங்கேதான் வாங்கினார்கள். இப்போது அந்தக் கதவில் விற்பனைப் பலகை தொங்குகிறது.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். 2007 ஜூலை 1 முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை வந்தது என்கிறார் ஒருவர். வரி என்கிறார் இன்னொருவர். பல்பொருள் அங்காடியில் விற்கும் மலிவான பீர் என்கிறார் மற்றொருவர். இந்தத் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்: உண்மையான காரணம் எது?

பதிவு 2: கணக்கர்

ஐயா, உங்கள் ஊர் இழப்பு வருத்தமளிக்கிறது. நான் சிறு தொழில்களுக்குக் கணக்குப் பார்ப்பவன் என்பதால் முதலில் எண்களைச் சொல்கிறேன்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2008-இல் ஐக்கிய இராச்சியத்தில் ஏறத்தாழ 50,000 பப்புகள் இருந்தன. பத்தே ஆண்டுகளில் அது 39,000 அளவுக்குச் சரிந்தது. அதாவது நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை மறைந்தன. ஆனால் அதே அறிக்கையில் பலர் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. அந்தப் பத்தாண்டில் பப்புகளில் வேலை செய்வோரின் எண்ணிக்கை குறையவில்லை, சுமார் 6 விழுக்காடு கூடியது. மூடப்பட்டவற்றில் பெரும்பாலானவை பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்த சிறிய பப்புகள். பெரியவை மேலும் பெரிதாகின. அவற்றில் சமையலறையும் பரிமாறும் ஆட்களும் பெருகினர். ஆகவே பப் தொழில் முழுவதும் அழிகிறது என்று சொன்னால் கணக்கு ஒத்துவராது. பீரை மட்டும் விற்றுக்கொண்டு, ஊருக்குள் நான்கு தெருக்காரர்களை நம்பி இருந்த சிறிய பப்தான் போய்க்கொண்டிருக்கிறது.

2019-இல் பத்தாண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக எண்ணிக்கை 320 கூடியது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். அடுத்த மார்ச் 20 அன்று பெருந்தொற்றுக்காக அனைத்தும் ஒரே இரவில் மூடப்பட்டன. இங்கிலாந்தில் ஜூலை 4 வரை திறக்கவில்லை. அந்தக் காலத்தில் வாங்கிய கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருப்பவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே உண்டு.

2025 ஏப்ரலில் மூன்று சுமைகள் சேர்ந்தே வந்தன. முதலாளி செலுத்த வேண்டிய தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு 13.8 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக உயர்ந்ததோடு, அது தொடங்கும் ஆண்டுச் சம்பள வரம்பு 9,100 பவுண்டிலிருந்து 5,000 பவுண்டாகக் குறைந்தது. குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11.44-லிருந்து 12.21 பவுண்டானது. வணிகக் கட்டட வரியில் கிடைத்துவந்த 75 விழுக்காட்டுத் தள்ளுபடி 40 விழுக்காடாகச் சுருங்கியது. ஆண்டுக்கு 9,000 பவுண்டு வாங்கும் பகுதிநேரப் பணியாளருக்கு முன்பு முதலாளி எதுவும் செலுத்த வேண்டியதில்லை. இப்போது 600 பவுண்டு. சிறு முதலாளிகளுக்கான சலுகை 10,500 பவுண்டாக உயர்த்தப்பட்டதால் நான்கைந்து பேரை வைத்து நடத்துபவர் இதிலிருந்து தப்பிவிடுவார். சமையலறை வைத்து, இருபது பகுதிநேரப் பணியாளர்களோடு எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம் என்று முயன்றவர்தான் சிக்கிக்கொள்கிறார்.

பதிவு 3: நிலவறைக்காரர்

கணக்கர் தம்பி சொன்ன எண்கள் சரியானவை. ஆனால் அவை கடைசியாக ஏற்றப்பட்ட சுமைகள். வண்டியின் அச்சு அதற்கு வெகு முன்பே முறிந்துவிட்டது என்பது என் எண்ணம். நான் யார்க்‌ஷயரில் ஒரு பப்பைக் குத்தகைக்கு எடுத்து ஏழு ஆண்டுகள் நடத்தியவன். நீளமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் நெடுங்காலம் பீர் காய்ச்சும் நிறுவனங்களே பப்புகளையும் சொந்தமாக வைத்திருந்தன. குத்தகைக்காரர் அந்த நிறுவனத்தின் பீரைத்தான் விற்க வேண்டும். அதற்கு ஈடாக வாடகை குறைவு, கூரை ஒழுகினால் பார்ப்பதற்கும் ஆள் வரும். 1989-இல் போட்டியை ஆராயும் ஆணையம் ஒன்று, ஆறு நிறுவனங்கள் நாட்டின் பீரில் முக்கால் பங்கைக் காய்ச்சுகின்றன என்று கண்டது. அதன் பேரில் அரசு, 2,000-க்கு மேல் பப் வைத்திருக்கும் காய்ச்சும் நிறுவனங்கள் அந்த வரம்பைத் தாண்டியவற்றில் பாதியை, தங்கள் பீரையே விற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நோக்கம் நல்லது, குடிப்பவருக்குத் தேர்வு கிடைக்கட்டும் என்பது. நடந்தது வேறு. காய்ச்சும் நிறுவனங்கள் பப்புகளை மொத்தமாக விற்றன. அவற்றை வாங்கியவை, பீரே காய்ச்சாமல் கட்டடங்களை மட்டும் வைத்திருக்கும் புதிய நிறுவனங்கள். காய்ச்சாதவர்கள் என்பதால் அந்த ஆணை அவர்களைத் தொடவே இல்லை. பஞ்ச் டாவர்ன்ஸ், என்டர்பிரைஸ் இன்ஸ் ஆகிய இரண்டும் உச்சத்தில் இருந்தபோது ஒவ்வொன்றிடமும் 8,000-க்கு மேற்பட்ட பப்புகள் இருந்தன. இவை பெரும்பாலும் கடன் வாங்கி வாங்கப்பட்டவை. பப்புகளின் எதிர்கால வாடகையே அந்தக் கடனுக்கு அடமானம். 2007-இல் புகைத்தடை, 2008-இல் நிதி நெருக்கடி, அதே ஆண்டில் பணவீக்கத்துக்கு மேல் ஆண்டுதோறும் 2 விழுக்காடு பீர் வரி ஏறும் ஏற்பாடு (அது 2013 வரை நீடித்தது) என்று வரிசையாக வந்தபோது வருமானம் சரிந்தது, கடன் அப்படியே நின்றது. அதை அடைக்க அவர்களிடம் விற்பதற்கு இருந்தது ஒன்றுதான்: எங்கள் தலைக்கு மேலிருந்த கூரை.

இந்தத் தொழிலில் கட்டடத்துக்குக் கொடுக்கும் பணத்தை உலர் வாடகை என்றும், பீரின் விலையில் கூடுதலாகப் போவதை ஈர வாடகை என்றும் சொல்வார்கள். நான் யாரிடம் குத்தகைக்கு எடுத்தேன் என்பது இங்கே வேண்டாம். ஆனால் பக்கத்துத் தெருவில் சொந்தக் கட்டடத்தில் பப் வைத்திருந்த நண்பரும் நானும் ஒரே பீரை விற்றோம். என் பீப்பாய்க்கு அவர் கொடுத்ததைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நான் கொடுத்தேன். வெளியே வாங்கிவிடக்கூடாது என்பதற்காக என் நிலவறையின் குழாய்களில் பீர் ஓட்டத்தை அளக்கும் கருவி பொருத்தியிருந்தார்கள். குழாயைக் கழுவ நான் ஓடவிட்ட தண்ணீரையும் பீர் என்று எண்ணி ஒருமுறை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

நல்ல பப் என்பது நிலவறையில்தான் உருவாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரபான ஏல் வகை பீர் பீப்பாய்க்குள் வரும்போது உயிரோடிருக்கும்; ஈஸ்ட் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். 11 முதல் 13 பாகை வெப்பத்தில் தாங்கியின் மேல் அசையாமல் கிடத்தி, மேல்துளையில் மென்மையான மர ஆப்பு ஒன்றைச் செருகினால் அதன் நுண்துளைகள் வழியே வாயு கசிந்து, ஆப்பின் தலையில் நுரை மெல்லக் குமிழியிடும். நுரை அடங்கும் வேளையைக் கண்ணால் பார்த்துத்தான் கடின ஆப்புக்கு மாற்ற வேண்டும். பிறகு மண்டி கீழே படியும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு சிறு பீப்பாயில் 9 கேலன், அதாவது 72 பைண்ட். மண்டி போக எழுபதுக்குச் சற்றுக் குறைவாகத்தான் விற்க முடியும். திறந்த மூன்று நாளுக்குள் தீர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் புளிக்கும். ஆகவே ஒரே ஒரு வகை ஏல் வைத்திருக்கவே நாளுக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு பைண்ட் விற்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலையில் பத்துப் பேர் வரும் ஊரில் ஐந்து பிடிகளை வைத்திருந்த உங்கள் ஊர் அம்மையார், தம் கைக்காசில் எவ்வளவு பீரை வீணாகக் கொட்டியிருப்பார் என்பது எனக்குப் புரிகிறது.

பதிவு 4: மருதாணி

மதிப்பிற்குரிய நிலவறைக்காரர் அண்ணா எழுதியதைப் படித்தபோது மனம் கனத்தது. ஆனாலும் எதிர்த்தரப்பிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் 14 ஆண்டுகளாக அவசரச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இந்த நாட்டில் தலைக்குக் குடிக்கும் அளவு 2004-இல் உச்சத்தை எட்டி, அதன் பிறகு குறைந்தது. இளைஞர்களில் குடிக்காதவர்கள் கூடியிருக்கிறார்கள். சனிக்கிழமை இரவுகளில் எங்கள் பிரிவுக்கு வருபவர்களைப் பார்த்த நான், இதை ஓர் இழப்பாக எண்ண மாட்டேன். குடி குறைந்தால் குடிக்கும் இடமும் குறையத்தானே செய்யும்? நாம் பப்புக்காக வருந்தும்போது, அங்கே குடித்துவிட்டு வீடு திரும்பியவர்களுக்காகக் காத்திருந்த மனைவியரையும் குழந்தைகளையும் யாரும் நினைப்பதில்லை.

பதிவு 5: நிலவறைக்காரர்

சகோதரி, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. குடித்து வீழ்ந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இருவருக்கு இனி ஊற்ற மாட்டேன் என்று சொல்லி அனுப்பியும் இருக்கிறேன். அந்த ‘மாட்டேன்’ என்ற சொல்லைப் பற்றியே என் பதில். பப்பில் ஊற்றுபவர் ஒருவர் எதிரில் நிற்கிறார். போதையில் இருப்பவருக்கு ஊற்றினால் அது சட்டப்படி குற்றம். அங்காடியில் இருபது கேன்களை வாங்கிக்கொண்டு போய்த் தனியறையில் குடிப்பவரை யார் நிறுத்துவது? குடி குறைந்த அதே காலத்தில், குடிக்கும் இடம் பப்பிலிருந்து வீட்டுக்கு மாறியது. விலைதான் காரணம். அங்காடி பீரை அடக்கவிலைக்கே விற்றுவிட்டு வேறு பொருளில் ஈடுகட்டிக்கொள்ளும். அங்காடி விற்கும் பெரும்பாலான உணவுப் பொருளுக்கு மதிப்புக்கூட்டு வரியும் இல்லை. பப் தட்டில் வைக்கும் சாப்பாட்டுக்கு 20 விழுக்காடு கட்ட வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து பீப்பாயிலிருந்து ஊற்றும் பீருக்குக் கலால் வரி சற்றுக் குறைக்கப்பட்டிருக்கிறது. அது சரியான திசை, அளவு போதாது.

பதிவு 6: மருதாணி

உங்கள் விளக்கத்தை ஏற்கிறேன் அண்ணா. வீட்டில் தனியாகக் குடித்து, மூன்று நாள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டவர்களும் எங்களிடம் வருகிறார்கள். பப்பில் குடித்திருந்தால் அன்றிரவே யாராவது தேடியிருப்பார்கள். இதை நான் முன்பு இந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை.

பதிவு 7: ஸ்மெதிக் பக்கத்துக்காரர்

இந்த விவாதத்தில் விடுபட்ட ஒரு பக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன். பழைய பப் எல்லாருக்குமான முற்றமாக இருந்தது என்ற நினைவு எங்கள் பகுதியில் முழு உண்மை அன்று. பர்மிங்காமை அடுத்த ஸ்மெதிக்கில், வார்ப்பாலைகளில் வேலை செய்த பஞ்சாபியர்களுக்கு 1960-களில் பல பப்புகளின் முன்னறையில் இடம் கிடையாது. சிலவற்றில் வாசலிலேயே மறுப்புதான். இந்தியத் தொழிலாளர் சங்கத்தார் அதை எதிர்த்துப் போராடினார்கள். 1965 பிப்ரவரி 12 அன்று அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் ஸ்மெதிக் வந்தபோது புளூ கேட்ஸ் என்ற பப்பில் அவருக்கும் ஊற்ற மறுத்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில்தான் பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் முதல் சட்டம் வந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் இந்த விவாதத்துக்குத் தேவையானது. ஆலைகள் மூடப்பட்டு, பழைய வாடிக்கையாளர்கள் குறைந்து, பப்புகள் சாகும் நிலைக்கு வந்தபோது அவற்றை எடுத்து நடத்தியவர்கள், முன்பு வாசலில் நிறுத்தப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். இன்று ‘தேசி பப்’ என்று அழைக்கப்படும் இவற்றில் ஒரு பக்கம் உள்ளூர் ஏல், இன்னொரு பக்கம் இரும்புத் தட்டில் புகைந்துகொண்டு வரும் கறியும் வெங்காயமும். வெஸ்ட் புரோமிச்சில் உள்ள ரெட் லயனில், இந்தப் புலம்பெயர்ந்தோர் வரலாற்றை வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் வரைந்து பதித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை அங்கே போனால் உள்ளூர் அணியான ஆல்பியனின் கால்பந்துச் சட்டை அணிந்த வெள்ளைக்காரத் தாத்தாவும் தலைப்பாகை அணிந்த தாத்தாவும் ஒரே மேசையில் இருப்பதைப் பார்க்கலாம். நடத்துபவரும் வருபவரும் மாறியதால் பிழைத்த பப்புகள் இவை. இங்கிலாந்தின் மரபு பப் பற்றிப் பேசும்போது இவற்றை ஒதுக்கிவிட்டுப் பேசினால் எனக்கு வலிக்கும்.

பதிவு 8: பழைய கட்டடம்

நான் நகரமைப்புத் துறையில் வேலை செய்தவன். நிலவறைக்காரர் ஐயா கூரையைப் பற்றிச் சொன்ன இடத்திலிருந்து தொடர்கிறேன். பப்பாக இருக்கும்போது ஒரு கட்டடத்தின் மதிப்பு அதன் வியாபாரத்தைப் பொறுத்தது. வீடாக மாற்றலாம் என்றால், குறிப்பாக லண்டனிலும் தென்கிழக்கிலும், அதன் மதிப்பு பல மடங்காகும். ஆகவே நன்றாக நடக்கும் பப்பையும் மூடுவது உரிமையாளருக்கு லாபமாக அமைந்துவிடும். 2017 மே மாதம் வரை இங்கிலாந்தில் ஒரு பப்பைக் கடையாக மாற்றுவதற்குப் பொதுவாகத் திட்ட அனுமதியே தேவைப்படவில்லை. இடிப்பதற்கும் பெரும்பாலும் அப்படித்தான். எத்தனையோ பப்புகள் அந்த வழியில் சிறு அங்காடிகளாயின. 2017-இல் சட்டம் அந்த வழியை அடைத்தது. மூடிய பிறகு ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்து, கூரை சரிந்தபின் ‘இனி இது பப்பாக நடக்காது’ என்று வாதிடுவது மட்டும் இன்றும் நடக்கிறது.

இரண்டு கட்டடங்களைப் பற்றிச் சொல்கிறேன். லண்டன் மைடா வேலில் 1920-21-இல் கட்டப்பட்ட கார்ல்ட்டன் டாவர்னில் அடுக்குமாடி வீடுகள் கட்டக் கேட்ட அனுமதியை வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி மறுத்தது. கட்டடத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கும் பரிசீலனை நடந்துகொண்டிருந்தபோதே, 2015 ஏப்ரலில், உரிமையாளர்கள் அனுமதியின்றி அதை இடித்துத் தள்ளினார்கள். இருந்தது இருந்தபடி மீண்டும் கட்ட வேண்டும் என்று நகராட்சி ஆணையிட்டது. மேல்முறையீட்டிலும் ஆணை நின்றது. 2021 ஏப்ரலில் அது மறுபடியும் பப்பாகத் திறக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் ஆறு ஆண்டுகள் விடாமல் நின்றதால் நடந்தது இது.

மற்றொன்று ஸ்டாஃபோர்ட்ஷயரின் ஹிம்லியில் இருந்த கோணல் வீடு. 1765-இல் பண்ணை வீடாகக் கட்டப்பட்டது. அடியில் சுரங்கம் தோண்டியதால் ஒரு பக்கம் நிலத்தில் இறங்கி, உள்ளே போனால் தலை சுற்றும். சன்னல் விளிம்பில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது மேட்டை நோக்கி உருளுவதுபோல் தெரியும். குழந்தைகளைத் தூக்கிக் காட்டுவதற்காகவே குடும்பங்கள் வந்தன. 2023 ஜூலையில் அது விற்கப்பட்டது. ஆகஸ்ட் 5 இரவில் எரிந்தது. இரண்டே நாளில் எஞ்சிய சுவர்களும் இடிக்கப்பட்டன. யாரோ வைத்த தீ என்ற கோணத்தில் காவல்துறை விசாரணையைத் தொடங்கியது. மீண்டும் கட்ட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மாவட்ட மன்றம் ஆணை பிறப்பித்தது. அந்தச் செங்கற்குவியலின் படத்தைப் பார்த்தபோது, நாற்பது ஆண்டுகள் இத்துறையில் இருந்த நான் அழுதேன். அதே கோணத்தில் சுவர் எழுப்பலாம். இருநூறு ஆண்டுகளாக நிலம் மெல்ல இழுத்து இழுத்து வந்த கோணல் அது.

பதிவு 9: டெர்பிஷயர்வாசி

இவ்வளவு விரிவான பதில்களுக்கு நன்றி. ஒரே காரணத்தைத் தேடிய என் கேள்வியே பிழை என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நிலவறைக்காரர் அண்ணா சொன்ன கடனும் ‘பழைய கட்டடம்’ ஐயா சொன்ன நில மதிப்பும்தான் எங்கள் ஊருக்குப் பொருந்துகின்றன. எங்கள் பப்பையும் ஒரு பெரிய நிறுவனம்தான் வைத்திருந்தது; 15 ஆண்டுகளில் ஆறு குத்தகைக்காரர்கள் வந்து போனார்கள். ஒவ்வொருவரும் தம் சேமிப்பைக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

இந்த வாரம் சமுதாயக் கூடத்தில் 64 பேர் கூடினோம். 2011-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின்படி பப்பை ஊர்ப் பயன்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்ய மனுக் கொடுக்கிறோம். பதிவானால், விற்பனையை ஆறு மாதம் நிறுத்தி வைத்து ஊர்க்காரர்கள் பணம் திரட்டலாம். கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில் ஓல்டு கிரவுன் என்ற பப்பை 2003-இல் ஊர்க்காரர்களே கூட்டுறவாக வாங்கியதையும், லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸை 2013-இல் 371 பங்குதாரர்கள் சேர்ந்து வாங்கியதையும் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்கள். எங்களால் முடியுமா?

பதிவு 10: பழைய கட்டடம்

முடியும், ஆனால் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஆறு மாதம் உங்களுக்குக் காலத்தை மட்டுமே தருகிறது. உரிமையாளர் உங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. எனவே பதிவோடு நில்லாமல், மாற்றுப் பயன்பாட்டுக்கு மனு வந்தால் எதிர்க்கவும் இப்போதே ஆதாரங்களைச் சேருங்கள்: பப் எத்தனை நாள் திறந்திருந்தது, என்னென்ன கூட்டங்கள் நடந்தன, அடுத்த பப் எத்தனை மைல் தொலைவு, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

பதிவு 11: கணக்கர்

பங்குத் தொகையைக் குறைவாக வையுங்கள். ஆளுக்கு ஒரு வாக்கு என்ற கூட்டுறவு வடிவம் நல்லது. கட்டடம் ஊருடையதாகிவிட்டால் ஈர வாடகை இல்லை. அதுவே நடத்துபவருக்கு மூச்சுவிட இடம் தரும். ஆனால் வாங்கும் பணத்தோடு முதலாண்டு நடத்தும் பணத்தையும் சேர்த்துத் திரட்டுங்கள். வாங்கியபின் கையிருப்பின்றி நின்ற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு வழியும் இருக்கிறது: கட்டடம் கைநழுவினால் மனம் உடைந்துவிட வேண்டாம். 2005-இல் கென்ட்டின் ஹெர்ன் என்ற சிற்றூரில், பழைய இறைச்சிக்கடை ஒன்றில் ஒரு டஜன் பேர் உட்காரும் அளவில் தொடங்கிய நுண் பப், பிறகு நாடு முழுவதும் பலருக்கு முன்மாதிரியானது. இசைப்பெட்டி இல்லை, சமையலறை இல்லை. நல்ல ஏலும் பேச்சும் மட்டும். செலவு மிகக் குறைவு.

பதிவு 12: நிலவறைக்காரர்

டெர்பிஷயர்த் தம்பி, கட்டடத்தைப் பார்க்கப் போகும்போது முன்னறையின் அழகில் மயங்கிவிடாதீர்கள். நேரே நிலவறைக்கு இறங்குங்கள். சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, குளிரூட்டும் இயந்திரம் யாருடையது, பீப்பாய் இறக்கும் கதவின் கீல் உறுதியாக இருக்கிறதா, குழாய்கள் கடைசியாக எப்போது கழுவப்பட்டன என்று பாருங்கள். மூன்று ஆண்டுகளில் எத்தனை பீப்பாய் விற்றது என்ற கணக்கைக் கேட்டு வாங்குங்கள். ரூபாய்க் கணக்கோ பவுண்டுக் கணக்கோ பொய் சொல்லலாம், பீப்பாய்க் கணக்கு அவ்வளவு எளிதில் சொல்லாது. ஐந்து பிடி வேண்டாம்; இரண்டில் தொடங்குங்கள். நீங்கள் விரும்பினால் நானே வந்து பார்க்கிறேன். இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்தான்.

பதிவு 13: டெர்பிஷயர்வாசி

அண்ணா, முகவரிடம் பேசிவிட்டேன். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாவி தருகிறார்கள். முன்பு நடத்திய அம்மையாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பீப்பாய்க் கணக்கு எழுதிய குறிப்பேடுகள் அவரிடம் இருக்கின்றனவாம். கைவிளக்கு நான் கொண்டுவருகிறேன். கீழே மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கிறது.